எல்லா மோடையும் போட்டு வைத்த அக்கா

மானகிரியைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். ஆத்தங்குடிப் பட்டறையில் காலையில்தான் என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லியிருந்தார்கள். நான் வார்த்த தரைக்கல்லில் பூவெல்லாம் கலங்கி முட்டைக்கோஸ் மாதிரி இருந்ததாம். உண்மைதான்.

காரைக்குடிக்குள் நுழைந்ததும் ஒரு கேம் கடையில் தண்ணீர் கேட்டேன். நான்கு டிவி, நான்கு பழைய விளையாட்டுப் பெட்டிகள், நடுவில் ஒரு அக்கா. விளையாட ஒருவரும் இல்லை. கடையை வைத்த அவர் தம்பி சிங்கப்பூருக்குப் போய்விட்டான். அதிலிருந்து எந்த கேமைப் போட்டாலும் பாதியில் உறைகிறதாம்.

"நாளைக்குக் காலையில பழைய இரும்புக்காரரை வரச் சொல்லிட்டேன். நாலையும் தூக்கிக் குடுத்துட்டுக் கடையை மூட வேண்டியதுதான்" என்றார்.

எட்டாம் வகுப்போடு ஓடிப்போய், திருப்பூரில் இப்படி ஒரு கடையில் கொஞ்ச காலம் கிடந்தவன் நான். பெட்டியை ஓடவிட்டுப் பார்த்தேன். பென்டிரைவிலிருந்து கேமை ஏற்றும் லோடர். ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனியாகப் பொருத்தம் பார்க்க ஒரு பக்கம் உண்டு. அதில் மோடு ஒன்று முதல் ஆறு வரை கட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரு கோளாறுக்கு. எல்லாக் கேமுக்கும் ஆறு கட்டத்திலும் டிக்.

"ஏன்க்கா எல்லாத்தையும் போட்டு வச்சிருக்கீக?"

"எது வேணும்னு யாருக்குத் தெரியும்? ஒண்ணாச்சும் கேக்கட்டும்னுதான்."

"சளி, பேதி, மூலம் எல்லாத்துக்கும் மாத்திரையை ஒரே வாயில போட்டா ஆளு எந்திரிப்பானா?"

"வாயைப் பாரு. மேலெல்லாம் சிமெண்டு, பேச்சு மட்டும் டாக்டர் பேச்சு."

விளக்கத் தொடங்கினேன். இரண்டாவது மோடு சிங்க்ரனஸ் என்றேன். அப்படின்னா என்னவென்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. திருப்பூரில் முதலாளி சொன்னதைக் கிளிப்பிள்ளை மாதிரி வைத்திருந்தேன், அவ்வளவுதான். பேரைச் சொல்லிப் பயனில்லை, திரையில் தெரிகிற நோயைச் சொல்ல வேண்டும் என்று அப்போதுதான் புத்தியில் ஏறியது.

லோடர் காட்டும் எழுத்தெல்லாம் பென்டிரைவில் ஒரு சின்ன ஃபைலில் இருந்தது. அவருடைய லேப்டாப்பில் அதைத் திறந்து, மோடு ஒன்று என்று இருந்த இடத்தில், ஓடும்போது திக்கினால் இதைப் போடு என்று மாற்றினேன். நான்கில், முதலில் வரும் படத்திலேயே நின்றால் இது, படத்தைத் தாண்டிவிடும். ஆறில், பயல்கள் பட்டனை மொத்தமாக அமுக்கி கேம் வெளியே குதித்தால் இது. மிச்சம் மூன்றுக்கும் 'தெரியாது, தொடாதீக' என்று எழுதினேன். லோடருக்குத் தமிழ் எழுத்து வராது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்தேன். நீளமாக அடித்ததெல்லாம் திரை ஓரத்தில் அறுந்து தொங்கியது, மறுபடி சுருக்கினேன்.

"இப்ப நீங்களே பாருங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"அது நடக்கிற காரியமா?"

மல்யுத்த கேமைப் போட்டார். முதல் படத்திலேயே நின்றது. பொருத்தப் பக்கத்துக்குப் போய், உதட்டை அசைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு நான்கை மட்டும் போட்டார். இரண்டு தடியர்கள் கயிற்றுக்குள் வந்து முறைத்துக்கொண்டார்கள். அக்கா ஒருத்தனைத் தூக்கி அடித்தார். அப்புறம் கன்ட்ரோலரைக் கீழே வைக்க அவருக்கு மனசே வரவில்லை. மற்ற கேம்களையும் அவரே ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்.

சூட்டோடு கேட்டேன்: "இங்குட்டே இருந்து கடையைப் பாத்துக்கிறட்டுமாக்கா?"

"நீ எதுக்கு? அதான் அதுலயே எழுதியிருக்கே."

வேலை கிடைக்கும் இடத்தை நானே எழுதி அடைத்திருந்தேன். தோசை வாங்கிக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டில் படுத்தேன்.

காலையில் கடைப்பக்கம் போனபோது இரும்புக்காரர் காலி மூன்று சக்கர சைக்கிள் வண்டியோடு நின்று முனகிக்கொண்டிருந்தார். "வரச் சொல்லிட்டு இல்லைங்கிறாக. மூட்டுவலியோட இம்புட்டுத் தூரம் மிதிச்சு வந்திருக்கேன்."

நான் மிதிக்கிறேன் என்றேன். மேலும் கீழும் பார்த்தார். "கூவ வருமா?"

செக்காலை ரோட்டில் அன்றைக்கு முதலில் எழுந்த 'பழைய இரும்பேய்' சத்தம் என்னுடையது.