சாபாவுக்கு ஒருநாள்

தொண்ணூறுகளில் ஸ்காபரோவில் விமானச் சீட்டு விற்கும் கடையொன்றில் வேலை செய்தேன். ஒரு பனிக்காலக் காலையில், அகன்ற தோளும் மந்தமான காதுமாக ஒருவர் வந்தார். எதைக் கேட்டாலும் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டே பதில் சொன்னார்.

கரீபியனில் சென் மார்ட்டினில் தங்கி, ஒருநாள் மட்டும் படகில் சாபாவுக்குப் போய் மாலையே திரும்பவேண்டுமாம். கடலடியில் நீந்தும் சுழியோடிகள் தேடிப்போகும் சிறு தீவு அது.

"அந்தக் கடலிலை நேவி நிக்குமோ?" என்றார்.

ஆள் கடத்துகிறவரோ? பேனாவை மூடி வைத்தேன்.

"இதை ஏன் அண்ணை கேக்கிறியள்?"

இம்முறை அவர் கதவைப் பார்க்கவில்லை.

"சண்டைக் காலத்திலை ஊரிலை நான் சங்கு குளிச்சனான், தங்கச்சி. நேவி போட் சத்தம் கேட்டால் மூச்சு முட்டுமட்டும் அடியிலையே கிடப்பன். ஒருநாளாவது பயமில்லாமல் மேலை வரோணும்."

சீட்டை எழுதிக் கொடுத்தேன். முழுதாக நம்பினேன் என்று சொல்லமாட்டேன். அவர் திரும்பவேண்டிய நாளில் விமானக் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்து, ஆள் ஏறிவிட்டாரா என்று விசாரித்தேன். ஏறியிருந்தார். சந்தேகத்தில் கேட்டேனா, அக்கறையில் கேட்டேனா என்பது எனக்கே இன்றும் தெரியாது.