என்னைத் திருப்பிக் கொடுக்கப் போன மலை

ஏழு வயதில், என் பெற்றோர் என்னை வாங்கின இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று நான் நம்பினேன். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் இன்றும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு எனக்குக் கிடைத்த தடயங்கள் கிடைத்திருந்தால் அவர்களும் நம்பியிருப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் மாமா. அம்மாவின் தம்பி. எண்பதுகளில் மேல்படிப்புக்காக நியூ ஜெர்சி வந்து எங்களோடு தங்கியிருந்தார். காலேஜ் போக மிச்ச நேரத்தில் எங்கள் சோபாவில் தூங்குவார். தூக்கம் போக மிச்ச நேரத்தில் என்னைச் சீண்டுவார். அந்த வருடம் இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்கக் காரில் போனபோது, ஒரு மலையுச்சியில் இரும்புக் கால்களை விரித்துக்கொண்டு ஒரு கோபுரம் நின்றது. காட்டுத்தீ எங்கேயாவது கிளம்புகிறதா என்று மேலே ஓர் ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான் என்றார் அப்பா. மாமா உடனே என் காதருகே சாய்ந்தார்.

"டேய், உன்னை அந்த டவர்காரன்கிட்டதான்டா தவிட்டுக்கு வாங்கினோம்."

ஊரில் எல்லாப் பிள்ளைகளும் இதைக் கேட்டுத்தான் வளர்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் தவிட்டுக்குத்தான் வாங்கினார்கள் என்று தெரிவதால் அங்கே யாரும் இதை நம்புவதில்லை. எங்கள் அபார்ட்மெண்டிலோ தமிழ்ப்பிள்ளை நான் ஒருவன்தான். தவிடு என்றால் என்ன என்று கேட்டேன். வீட்டுக்கு வந்ததும், அப்பா வயிற்றுக்கு நல்லதென்று தின்னும் சீரியல் டப்பாவை மாமா எடுத்துக் காட்டினார். அந்தக் கண்றாவிக்கா என்னைக் கொடுத்தார்கள் என்றிருந்தது. பதிலுக்கு நல்ல சாக்லேட் சீரியலாவது கொடுத்திருக்கலாம்.

அமெரிக்காவில் வாங்கின பொருள் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பதும் எனக்குத் தெரியும். ஸ்வெட்டர், இஸ்திரிப் பெட்டி, துவைத்துக் காயப்போட்ட படுக்கை விரிப்பு வரை அம்மா கூசாமல் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். இப்போது அம்மா வயிற்றில் புதுப் பாப்பா. வீட்டில் பாப்பாவுக்கு இடமில்லை என்று பேச்சும் நடந்துகொண்டிருந்தது.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை. வானம் கழுவாத பாத்திரம் மாதிரி கிடந்தது. அடுத்த கட்டிடத்தில் இருந்த அப்பாவின் சிநேகிதர், நான் அங்கிள் என்று கூப்பிடுகிறவர், கதவைத் தட்டி, கார் ஸ்டார்ட் ஆகவில்லை, கொஞ்சம் வர முடியுமா என்று அப்பாவைக் கீழே அழைத்துப் போனார். ஜன்னலில் நின்று பார்த்தேன். இருவரும் கார் பக்கமே போகவில்லை. பனியில் நின்று பேசினார்கள். அங்கிள் அப்பாவின் தோளைப் பிடித்தார். பிறகு இருவரும் நிமிர்ந்து எங்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். ஜன்னலில் என்னைத் தவிர யாருமில்லை.

மேலே வந்த அப்பா, "வாடா, அந்த ஃபயர் டவருக்கு ஒரு ஹைக் போயிட்டு வரலாம்" என்று மாமாவைக் கூப்பிட்டார். தபால் பெட்டிவரை நடப்பதற்கே அலுத்துக்கொள்கிற மனிதர் அப்பா.

"இந்தக் குளிர்லயா? உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றாள் அம்மா.

"டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்ல."

"அப்ப இவனையும் இழுத்துட்டுப் போங்க. காலையிலேருந்து என் உயிரை வாங்கறான்."

அப்பா ஒரு நிமிடம் தயங்கினார். பிறகு சரி என்றார். அம்மா மாடிப்படிவரை வந்து, என் ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். சாதாரண நாளில் கொடுக்கிற ஆள் இல்லை. ஆக, அம்மாவும் இதற்கு உடந்தை.

மலைப்பாதையில் எங்களைத் தவிர ஒரு மனிதர் இல்லை. மொட்டை மரங்கள், நடுவே கரிய பாறைகள். அப்பா ஆபீஸ் ஷூவில் வழுக்கி வழுக்கி முன்னால் நடந்தார். மாமா குரங்குக் குல்லாயுடன் எனக்குப் பின்னால்.

"டவர்காரன் உன்னை வேண்டாம்னு சொல்லிட்டா என்னடா பண்றது? யூஸ் பண்ண சாமான்னு சொல்லுவான்."

வழக்கமாக இதற்கெல்லாம் நான் பதிலுக்குக் கிள்ளுவேன். அன்று ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஐ வில் பி குட், அப்பா. பேபிக்கு என் ரூம் கொடுத்துடறேன். பீன்ஸ் சாப்பிடறேன்." பீன்ஸ்தான் நான் வைத்திருந்த கடைசி ஆயுதம். அப்பா நின்றார். என்னைப் பார்த்தார். அவர் கண்கள் நிறைந்துவிட்டன. பீன்ஸும் எடுபடவில்லை.

உச்சியில் கோபுரம். அதன் தலையில் கண்ணாடி அறை, உள்ளே யாருமில்லை. குளிர்காலத்தில் காடு பற்றிக்கொள்ளாது, அதனால் ஆள் இருக்க மாட்டான் என்று மாமா சொன்னார். கடை மூடியிருக்கிறது! தப்பித்தேன் என்று குதிக்கப் போனேன். அதற்குள் அப்பா என்னை ஒரு பாறைமேல் உட்காரவைத்தார். "இங்கயே இரு. அசையக் கூடாது." மாமாவை மட்டும் கூட்டிக்கொண்டு இரும்புப் படிகளில் ஏறினார்.

காற்றில் அந்தக் கோபுரம் முனகியது. மேலே அப்பா ஏதோ சொல்வது கேட்டது. பிறகு ஒரு சத்தம். மாமாவின் குரலில் அப்படி ஒரு சத்தம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மிருகம்தான் என்று நினைத்து வந்த வழியே ஓடினேன். ஒரு ஷூ பனியில் மாட்டிக்கொண்டு நின்றுவிட, நான் மட்டும் முன்னால் ஓடி விழுந்தேன். அத்தனை பெரிய காட்டைத் தனியாகப் பார்த்ததும், விற்கப்படுவதே மேல் என்று தோன்றி, ஒற்றைக்கால் ஈரத்தோடு திரும்பி வந்தேன்.

மாமா படியில் உட்கார்ந்து, கம்பியில் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தார். "அத்தான், நான் பார்க்கவே இல்லியே அத்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். நான் புரிந்துகொண்டது இதுதான்: என்னை விட்டுவிட்டுப் போக மாமா சம்மதிக்கவில்லை. எனக்காக அழுது சண்டை போடுகிறார். கடைசியில் மூன்று பேரும் சேர்ந்தே இறங்கியதால் மாமா ஜெயித்துவிட்டார் என்றும் முடிவு செய்தேன். காரில் அவர் மடியில் தலை வைத்து, "தாங்க்ஸ் மாமா" என்றேன். அவர் என்னை இறுக்கிக்கொண்டார்.

வீட்டு வாசலில் அம்மா கை நீட்டி வந்தாள். "கிட்ட வராத, இவன் கார்ல வாந்தி எடுத்துட்டான். எல்லார் மேலயும் பட்டுடுச்சு, குளிக்கணும்" என்றார் அப்பா.

"ஐ டிட் நாட்!" என்று கத்தினேன். என் நியாயத்தைக் கேட்க ஆளில்லை. மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராகத் தலைக்குக் குளித்தோம். குளியலறையில் மாமா நெடுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்.

அம்மா உருளைக்கிழங்கு வறுவல் செய்திருந்தாள், மாமாவுக்குப் பிடித்தது. "கண்ணெல்லாம் ஏன்டா சிவந்திருக்கு?"

"குளிர்காத்து, அக்கா."

"மேலேருந்து நல்லா தெரிஞ்சுதா?"

"ரொம்ப தூரம் தெரிஞ்சுதுக்கா."

"ஊர்ல அப்பாவுக்கு எழுதுடா. மலை ஏறினேன்னு சொன்னா அவருக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கும்."

"எழுதறேன்க்கா" என்றார் மாமா. அம்மா இன்னொரு கரண்டி வறுவல் வைத்தாள். அதையும் சாப்பிட்டார். இவ்வளவு பசிக்கும்படி எனக்காக அழுதிருக்கிறாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்று விடிகாலை ஊரில் தாத்தா இறந்துபோயிருந்தார், அம்மாவுக்கும் மாமாவுக்கும் அப்பா. மாசமாக இருந்தவளின் காதில் விழக் கூடாதென்று போன் எங்கள் வீட்டுக்கு வராமல் அங்கிள் வீட்டுக்கு வந்தது. தங்கை பிறந்து, அவளுக்குக் கழுத்து நின்ற பிறகுதான் அம்மாவிடம் சொன்னார்கள்.