பிள்ளைத்துணி காயாத ஐப்பசி

மகள் தலைப்பிரசவத்துக்கு வந்த வருடம்தான் தேனிப் பக்கம் கம்பத்தில் உள்ள எங்கள் வீட்டில் துணி உலர்த்தும் இயந்திரம் வாங்கினோம். பேத்தி பிறந்தது புரட்டாசிக் கடைசியில். மழை பிடித்தது ஐப்பசி முதல் வாரத்தில். இந்த வரிசை முக்கியம். அவள் சித்திரையில் பிறந்திருந்தால் அந்த இயந்திரத்தைப் பற்றி நாங்கள் யோசித்தே இருக்க மாட்டோம்.

ஆண்டின் பெரும்பகுதியில் இங்கே துணி காயவைப்பது ஒரு வேலையே அல்ல. மொட்டை மாடிக் கொடியில் போட்டுவிட்டு வந்து காபி குடித்து முடித்தால் காய்ந்திருக்கும். காற்று கொண்டுபோகாமல் இருந்தால் சரி. அந்த ஐப்பசியில் மேற்கு மலை கண்ணிலேயே படவில்லை. மழை கொட்டி ஓயவும் இல்லை, தூறலாகவே நின்றது. வீட்டுக்குள் அறைக்கு அறை கொடி கட்டினோம். விருந்தாளிகள் குனிந்துதான் உள்ளே வந்தார்கள். என் மனைவி இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். மேலே சூடாக இருக்கும். தையலோரத்தில் ஈரம் நிற்கும். பிள்ளையின் தொடை இடுக்கு சிவந்து தடித்தது. டயப்பர் கட்ட வேண்டாம், நன்றாகக் காய்ந்த பருத்தித் துணி மட்டும் போதும் என்றார் டாக்டர். அந்த ஒன்றுதான் வீட்டில் இல்லை.

மகளின் மாமியார் கடமலைக்குண்டில் இருக்கிறார். செய்தி போனதும் என் மனைவிக்குப் போன் செய்தார்.

"மயினி, ஞாயித்துக்கெழம வாரேன். புள்ளைக்குப் புண்ணு பெருசாயிருந்தா தாயையும் புள்ளையையும் கூட்டிட்டுப் போயிருவேன், கோவிச்சுக்கிறாதீக. இங்கன மழை கம்மி, எங்க வீட்டுத் தகரக் கொட்டகைல போட்டா ஒரே நாள்ல காஞ்சிரும்."

பொங்கல் வரை மகள் எங்களோடு இருப்பது என்று முன்பே பேசியிருந்தது. அதற்குப் பிறகு அவள், கணவன் வேலை பார்க்கும் ஓசூருக்குப் போய்விடுவாள். பேத்தியை லீவு நாளில்தான் பார்க்க முடியும். அந்த மூன்று மாதத்தை விட்டுக்கொடுக்க என் மனைவிக்கு மனமில்லை. ஆனால் அதையெல்லாம் அவள் என்னிடம் சொல்லவில்லை. "தேனிக்குப் போயி அந்த மெஷின வாங்கிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குள் அவள் தம்பி வந்து சேர்ந்தார். என் மைத்துனர் கம்பம்மெட்டுக்கு அப்பால் மலையில் ஏலக்காய் டிரையர் நடத்துகிறார். தோட்டக்காரர்கள் கொண்டுவரும் பச்சைக் காயை வலைத்தட்டுகளில் பரப்பி, சூட்டுக்காற்றில் உலர்த்திக் கொடுப்பது அவர் தொழில். விறகில் ஆரம்பித்து, கரண்டுக்கு மாறி, அதிலிருந்து கேஸுக்கு வந்தவர். எங்கள் பக்கத்தில் எதைக் காயவைப்பது என்றாலும் ஏலக்காய்க்காரர் ஒருவரைக் கேட்காமல் முடிவெடுப்பதில்லை.

"கரண்டு மெஷினா? மழைக்குன்னு வாங்குறீக, மழை பேஞ்சா கரண்டு இருக்குமா மச்சான்? கேஸ்ல வாங்குங்க."

"கேஸ் மெஷின் இங்கன எந்தக் கடையிலயும் இல்ல மாப்ள."

"இல்லாட்டி என்ன? எங்க மெக்கானிக் செஞ்சு குடுப்பான். ஒரு டிரம்மு, ஒரு பர்னரு, அம்புட்டுத்தான்."

"ஏலே, பச்சப்புள்ள இருக்குற வீட்டுல பீப்பாய்க்கு அடியில அடுப்பு மூட்டப் போறியா?" என்றாள் அக்கா.

நான் படித்திருந்ததைச் சொன்னேன். குளிர்நாடுகளில் சில இடங்களில் கேஸ் இயந்திரம் வீட்டுச் சாமான்தான். கேஸ் குழாயிலேயே வந்துவிடும். துணி சீக்கிரம் காயும். செலவும் பெரும்பாலும் குறைவு. ஆனால் எரிந்த புகை வெளியே போகச் சரியான வழி இல்லாவிட்டால் மூடிய அறையில் ஆளைக் கொல்லும். நம் வீட்டிலோ அடுப்புக்கே சிலிண்டர். அதையும் இதற்குப் பங்கு போட்டால் துணி காயும், சோறு வேகாது.

மைத்துனர் அசையவில்லை.

"ஒன்னு கேக்குறேன் மாப்ள. உன் டிரையர்ல சூட்டுக்காத்த உள்ள தள்ளுற ஃபேன் எதுல ஓடுது?"

"கரண்டுல."

"கரண்டு போனா?"

"அதான் ஜெனரேட்டர் இருக்குல்ல" என்றவர், சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். கேஸ் இயந்திரமானாலும் உள்ளே துணி புரளக் கரண்டு வேண்டும்.

ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஈரத்துணி முழுவதையும் மூட்டையாகக் கட்டி ஜீப்பில் போட்டுக்கொண்டு மலையேறினார். "ஞாயித்துக்கெழம காலைல அப்பளமாக் கொண்டாறேன் பாருக்கா."

சொன்னபடியே கொண்டுவந்தார். துணிகள் மொறுமொறுவென்று இருந்தன. சிலவற்றில் வலைத்தட்டின் கட்டங்கள் பதிந்திருந்தன. என் மனைவி பிள்ளைக்கு ஒன்றைக் கட்டி முடிக்கவும் சம்பந்தியம்மா உள்ளே வரவும் சரியாக இருந்தது. பேத்தியை மடியில் வாங்கித் துணியைத் தொட்டுப் பார்த்தார். ஈரமில்லை. பிறகு குனிந்து முகர்ந்தார்.

"என்ன மயினி, பச்சப்புள்ளைக்கா செண்டு அடிச்சிருக்கீக?"

"செண்டெல்லாம் இல்ல மயினி."

"பின்ன? பாயாசத்துல முக்கி எடுத்த மாதிரில்ல மணக்குது!"

மைத்துனர் வாசல் பக்கம் நகர்ந்தார். மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அத்த, எங்க மாமா ஏலக்காயோட சேத்துக் காயப்போட்டுட்டாக."

"சேத்துப் போடல ஆத்தா, பக்கத்துத் தட்டுலதான் போட்டேன்" என்றார் அவர் வாசலிலிருந்து.

சம்பந்தியம்மாவும் சிரித்தார். சிரித்து முடித்துத் துணியை விலக்கிப் பார்த்தார். சிவப்பு அப்படியே இருந்தது.

"சரி, அடுத்த மூட்டை எப்ப மலையெறங்கும்? அதுவரைக்கும் எம் பேத்தி ஒன்னுக்குப் போகாம இருப்பாளா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். முந்தின நாளே தேனிக்குப் போய்க் கரண்டு இயந்திரத்துக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். மைத்துனரின் முயற்சி முடியட்டும் என்று வீட்டில் சொல்லவில்லை.

"நாளைக்கு மெஷின் வருது" என்றேன்.

"அப்ப ஒரு வாரம் பாப்போம். ஆறிருச்சுன்னா பொங்கல் வரைக்கும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

இயந்திரம் திங்கள்கிழமை வந்தது. பின்னறையில் ஜன்னலோரம் வைத்து, ஈரக்காற்றுக் குழாயைக் கம்பி வழியே வெளியே விட்டோம். முதல் நாளே பாதியில் கரண்டு போனது. இன்வெர்ட்டர் அதை இழுக்காது. மைத்துனர் போன் செய்து "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். என் மனைவி கரண்டு வந்ததும் மறுபடி ஓட்டினாள். மறுநாளிலிருந்து வீட்டின் மற்ற வேலைகளெல்லாம் இயந்திரத்துக்குப் பின்னால் நின்றன. மிக்ஸியும் சேர்ந்து ஓடினால் வோல்டேஜ் இறங்கிவிடும் என்று சட்னிகூடக் காத்திருந்தது. இட்லியைப் பொடி தொட்டுத்தான் சாப்பிட்டேன்.

அந்த வாரத்திலேயே சிவப்பு வடிந்தது. வீடியோ காலில் சம்பந்தியம்மாவுக்குப் பிள்ளையின் தொடையைக் காட்டிவிட்டு, மடித்த துணியையும் தூக்கிப் பிடித்தாள் என் மனைவி.

"காஞ்சுதான் இருக்கு. மோந்து பாக்க முடியலையே மயினி!" என்றார் அவர்.

மகள் பொங்கல் வரை இருந்தாள்.

மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் மருமகன் காரோடு வந்தார். மழை நின்று வெகு நாளாகியிருந்தது. மாடியில் நல்ல வெயில், காற்றும் இருந்தது. பைகளெல்லாம் காரில் ஏறிய பிறகு, அன்று காலைத் துணிகள் மட்டும் ஈரமாகக் கிடந்தன. கொடியில் போட்டிருந்தால் அரை மணியில் காய்ந்திருக்கும். இயந்திரத்துக்கு அதைவிட நேரமாகும் என்பது என் மனைவிக்குத் தெரியும்.

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனாள்.