கட்டிலில் படுத்துப் பார்த்த அதிகாரி

திண்டிவனத்தை அடுத்த முதியோர் இல்லத்தில் என் அம்மா இருந்தபோது, அங்கே ஆய்வுக்கு வந்த ஒரு பெண் அதிகாரியைப் பார்த்தேன். கனத்த உடம்பு, முழங்கால் வலியோடு நடந்தார். அவர் குறை எழுதி இல்லத்தை மூடிவிட்டால், நடக்க முடியாத அம்மாவை எங்கே கொண்டுபோவது என்று யோசித்தபடியே அவர் பின்னால் போனேன்.

அறைக்கு அறை அவரே கட்டிலில் படுத்து, அழைப்பு மணிக்குக் கை எட்டுகிறதா என்று பார்த்தார். அம்மாவின் அறையில் எட்டவில்லை.

"கூப்ட்டாலே ஆயா வந்துடுவாங்க மேடம்" என்றார் மேனேஜர்.

"எங்க, கூப்புடுங்கம்மா" என்றார் அதிகாரி.

அம்மா கூப்பிட்டாள். அந்தக் குரல் வாசற்படியைக்கூடத் தாண்டவில்லை. நாங்கள் காத்திருந்தோம், யாரும் வரவில்லை. மேனேஜர் எலக்ட்ரீசியனுக்குப் போன் செய்யப் போனார்.

"மூடிடுவீங்களா மேடம்?" என்று மெல்லக் கேட்டேன்.

"மூடினா இவங்கள எங்க இட்டுக்கினு போவீங்க?"

"தெரியலைங்க."

"எனக்கும் தெரியலைங்க. அதான் மணிய மாத்த ஆள் வர்ற வரைக்கும் ஒக்காந்துக்கினு இருக்கேன்."

மயிலத்திலிருந்து எலக்ட்ரீசியன் வந்து, மணியின் ஸ்விட்சைக் கட்டில் ஓரத்துக்கு மாற்றினார். அம்மா அழுத்தினாள். ஆயா ஓடிவந்து என்ன வேண்டும் என்று கேட்டார்.

"ஒண்ணும் வாணாம். வர்றியான்னு பாத்தேன்."

அதிகாரி அப்போதுதான் சிரித்தார். ஆனால் என்ன எழுதப்போகிறார் என்பதை மட்டும் சொல்லாமலே விழுப்புரம் பஸ் ஏறிவிட்டார். இல்லம் இன்றும் நடக்கிறது. அவர் எங்களைக் காப்பாற்றினாரா, சரிசெய்யத் தவணை மட்டும் கொடுத்தாரா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.