எம்பராஸ்டா, அஷேம்டா?

கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் இருபத்தெட்டு வருஷமாக இங்கிலீஷ் டீச்சர் நான். என் தொண்டை மூன்று வகுப்பு தாண்டிக் கேட்கும். ஒன்பதாம் வகுப்புக்கு வருஷா வருஷம் இரண்டு வார்த்தைகளைப் போர்டில் எழுதுவேன்: எம்பராஸ்ட், அஷேம்ட். நாம் இரண்டையும் வெட்கம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். முதலாவது, நாலு பேர் பார்க்க வழுக்கி விழுந்தால் வருவது. எழுந்து மண்ணைத் தட்டினால் போய்விடும். இரண்டாவது உள்ளேயே கிடந்து குத்துவது. யாரும் பார்க்க வேண்டியதில்லை. அசடு வழிந்து நிற்பதை இங்கிலீஷ்காரன் ‘முகத்தில் முட்டை’ என்பான் என்றும் ஒருமுறை சொல்லிவைத்தேன். “அவிச்ச முட்டையா மிஸ், ஆம்லெட்டா?” என்று ஒருத்தி கேட்டாள். அந்தப் பீரியட் அத்தோடு போச்சு.

போன தை மாதம் என் வீட்டுக்காரருக்கு அறுபது நிறைந்தது. எங்கள் பக்கத்தில் அறுபது என்றால் திருக்கடையூர்தான். பெற்ற பிள்ளைகள் முன்னால் மறுபடியும் மாலை மாற்றி, தாலி கட்டிக்கொள்ள வேண்டும். பெங்களூரில் இருக்கும் மகள் எல்லா ஏற்பாட்டையும் போனிலேயே முடித்துவிட்டாள். இவர் மட்டும், “அதெல்லாம் வேண்டாம். வெட்கமா இருக்கு” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் அவரைவிட நாலு விரல்கடை உயரம். கடைத்தெருவானாலும் கோயிலானாலும் பத்தடி முன்னால்தான் போவார். நாங்கள் சேர்ந்து நிற்கிற போட்டோ வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் உட்கார்ந்து எடுத்தவை.

“எந்த வெட்கம்? எம்பராஸ்டா, அஷேம்டா?” என்று பாய்ந்தேன்.

“உன் பாடத்தை ஸ்கூலோட வச்சுக்க” என்று பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

இந்த நெட்டச்சியோடு நிற்பது அவருக்குக் கேவலமா? அதுதான் என் கேள்வி. முப்பத்தொரு வருஷமாகக் கேட்கப் பயந்த கேள்வி. ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்?

மகள் போனில் அழுததால் கிளம்பி வந்தார். கோயில் பிராகாரத்தில் எங்களைப் போல இருபது ஜோடியாவது இருக்கும். மகளும் மருமகனும் எங்கள் தலையில் கலச நீரை ஊற்றுவதற்கு முன், மகள் என் கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். அது இல்லாவிட்டால் எனக்கு எருமையும் ஒன்றுதான், ஏரோப்ளேனும் ஒன்றுதான். உடை மாற்றி வந்தால் ஒரே ஓமப் புகை. எந்தப் பக்கம் திரும்பினாலும் நரைத்த தலை, பட்டு வேட்டி. குருக்கள் “மாலை மாத்துங்கோ” என்றார். எதிரே நின்றவர் கழுத்தில் போட்டேன்.

“அம்மா! அவர் இல்லை, அவர் இல்லை!”

மகள் ஓடிவந்து கண்ணாடியை மாட்டிவிட்டாள். ஆறடி உயரத்தில் யாரோ ஒரு மாப்பிள்ளை, என் மாலையோடு திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. இவர் நேராகக் காருக்குப் போய்விடுவார் என்றே நினைத்தேன்.

போகவில்லை. அந்த மனிதரிடம் போய் அண்ணாந்து பார்த்து, “மாலையக் குடுங்க சார். நீங்க வளத்தியா இருக்கீங்கன்னு விட்டுக் குடுத்துட முடியுமா?” என்றார். சுற்றியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். மாலையை வாங்கி என் கையில் கொடுத்தார். போட்டேன். அடுத்து அவர் முறை. “கொஞ்சம் குனி. எட்டல” என்றார், அத்தனை பேருக்கும் கேட்க. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

குனிந்தபடி மெதுவாகக் கேட்டேன். “எல்லாரும் பாக்குறாங்க. வெட்கமா இல்லையா?”

“இருக்கு. நான் குள்ளமா இருக்கேன்னு எனக்கு வெட்கம். கல்யாணத்தன்னிக்கே இருந்துச்சு, இன்னிக்கும் இருக்கு. உன்னால எனக்கு என்னடி வெட்கம்?”

“அடப் பாவி மனுஷா! இதைச் சொல்ல முப்பத்தொரு வருஷமா?”

வகுப்பில் கத்துகிற அதே தொண்டையில் கத்திவிட்டேன். பிராகாரமே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே.