கரியர் இல்லாத சைக்கிள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் தெருவில் ஒரு வினோதம் நடக்கும். ஆட்கள் கார்களின் பின்னால் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போவார்கள். சுவிற்சர்லாந்துக்கு வந்த புதிதில் யன்னலில் நின்று இதைப் பார்த்து, யாரோ வீடு மாறுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். சைக்கிள் ஆளைச் சுமக்கும், விறகைச் சுமக்கும், மீன்பெட்டியைச் சுமக்கும். ஊரில் எங்கள் பக்கத்தில் ஒருவர் இரண்டு கதவு அலுமாரியையே சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு போனார். சைக்கிளை இன்னொரு வாகனம் சுமந்து போவதை நான் அதுவரை கண்டதில்லை. மாலையில் சேறு அப்பிய முகத்தோடு திரும்பி வருவார்கள். முதலில் சைக்கிளைக் குளிப்பாட்டித் துடைத்து நிலவறையில் பூட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் தாங்கள் குளிக்கப் போவார்கள். ஊரில் புது மாப்பிள்ளைக்குக்கூட இந்த மரியாதை கிடைக்காது.

அந்த மரியாதைக்குரிய சாமானில் ஒன்றை நானும் வாங்க வேண்டி வந்தது. நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். என்னோடு வேலை செய்யும் உர்ஸ் என்ற சுவிஸ்காரன், என் இரத்தத்தில் சீனி ஏறியிருக்கிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, மலைக்கு வா, மலைக்கு வா என்று நச்சரிக்கத் தொடங்கினான். என்னிடம் இருந்ததோ அரை மாதச் சம்பளத்துக்கும் குறைவான காசு. அதற்குள் எதை எடுப்பது, எதை விடுவது என்று உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே பாடம் நடத்தினான். நிறத்தைப் பார்க்காதே. பின்னாலும் அதிர்வு தாங்கி இருக்கிற சைக்கிளை மலிவுக்கு வாங்காதே, அது உடைந்து உன்னையும் உடைக்கும். கியர் எத்தனை என்று எண்ணாதே, முன்னால் ஒரு பல்சக்கரம் போதும். எண்ணெயில் வேலை செய்கிற டிஸ்க் பிறேக்குக்கும் நல்ல ரயருக்கும் கொடு. முக்கியமாக முன்ஃபோர்க், அது சுருள்கம்பியில் இல்லாமல் காற்றில் இயங்க வேண்டும். இவ்வளவும் புதிதாக வேண்டுமென்றால் உன் காசு காணாது, ஒக்காசியோனில் பார் என்றான். பாவித்த சாமானுக்கு இங்கே அப்படி ஒரு பவுசான பெயர்.

கடைக்காரர் தாடி வைத்த அமைதியான மனிதர். இரண்டு சைக்கிள்களை முன்னால் நிறுத்தினார். ஒன்று புத்தம் புதியது, பளபளவென்று சிவப்பு, ஆனால் ஃபோர்க் சுருள்கம்பி, பிறேக் சாதாரணம். மற்றது நாலு வருடம் ஓடியது, சாம்பல் நிறம், இடுப்பில் ஒரு கீறல், உர்ஸ் சொன்ன எல்லாம் அதில் இருந்தன. நான் கீறல் விழுந்ததை எடுத்தேன். பிறகு வழமைபோல் மற்றச் சாமான்களைக் கேட்டேன்: ஸ்ராண்ட், மட்காட், பெல், கரியர். ஒவ்வொன்றுக்கும் அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். கரியர் என்றபோது மட்டும், "எதை ஏற்றப் போகிறீர்கள்?" என்று கேட்டார். பின்சில்லுக்கு மேலே ஒன்றும் இல்லாத அந்த வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த இடம் என் அக்காவினுடையது. பிலோமினா அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். நாங்கள் மன்னாரின் பெருநிலப்பக்கக் கரையில் மீன்பிடித்த குடும்பம். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வன்னியின் கிழக்குக் கரைவரை போனோம். அங்கே யுத்தத்தின் கடைசி மாதங்களில் விழுந்த செல்லில் அப்பாவும் அம்மாவும் முடிந்தார்கள். அக்காவின் இடது கால் முழங்காலுக்கு மேலே போயிற்று. யுத்தம் முடிந்து எங்களை அடைத்து வைத்திருந்த முகாமில் இருந்து விட்டபோது எங்கள் ஊரில் கண்ணிவெடி எடுத்து முடியவில்லை என்றார்கள். அதனால் மன்னார்த் தீவில், ஓலைத்தொடுவாயில், ஒரு சொந்தக்காரரின் காணியில் தகரக் கொட்டில் போட்டு இருந்தோம். மீள்குடியேற வந்தவர்களுக்குக் குடும்பத்துக்கு ஒன்றென்று சைக்கிள் கொடுத்தார்கள். பெட்டியில் பாகம் பாகமாக வந்ததை நாங்களே பூட்ட வேண்டும். மற்றவர்கள் ஹான்டிலில் தொடங்கினார்கள், நான் கரியரில் தொடங்கினேன். அக்கா பழைய சட்டைத்துண்டுகளைத் திணித்து அதற்கு ஒரு மெத்தை தைத்தாள்.

மன்னார் ரவுனில் ஒரு தையல் நிலையத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. இரண்டு வருடம், ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும், நான் ஓட அவள் கரியரில் ஒருபக்கமாக இருந்து வந்தாள். ஊன்றுகோல் இரண்டும் மடியில் குறுக்கே கிடக்கும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் மணல் முகத்தில் அடித்து என்னால் கண்ணைத் திறக்க முடியாது. என் முதுகில் முகத்தை மறைத்துக்கொண்டு பின்பக்கத்தை அவள் பார்த்துக்கொள்வாள். "பஸ் வருது தம்பி, கரை எடு. இப்ப போ. பொறு, பொறு, இன்னொண்டு வருது." ரவுனுக்குள் நுழைந்தால் நடுத்தெருவில் கழுதைகள் நிற்கும். அவற்றுக்கு பெல் அடித்துப் பயனில்லை, அக்கா ஊன்றுகோலை நீட்டி ஒரு அதட்டல் போட்டால்தான் விலகும். சோதனைச்சாவடியில் சைக்கிளில் வருபவர்கள் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும், அக்காவும்தான். அவள் ஊன்றி ஊன்றி நடப்பதை ஆமிக்காரன் பார்த்துக்கொண்டு நிற்பான், நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு நிலத்தைப் பார்ப்பேன். மறுபக்கம் போய் ஏறியதும் அவள் முதலில் கேட்பது, "ரயருக்குக் காத்து காணுமோடா?" என்பதுதான்.

பிறகு என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், இரண்டு முறை. மூன்றாவது முறை கூப்பிட முன்னர் போய்விடு என்று சொன்னது அக்காதான். "நான் கூப்பிடுறன் அக்கா, கனகாலம் எடுக்காது" என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்த நாட்டுச் சட்டத்தில் மனைவியும் பிள்ளையும்தான் குடும்பம், அக்கா குடும்பம் இல்லை. அகதி என்று எழுதிய அட்டையோடு நான் அங்கே போகவும் முடியாது. அந்தப் பொய்யை நான் வேண்டுமென்று சொல்லவில்லை, ஆனால் அது பொய்யாகத்தான் ஆயிற்று. அவள் வேலைக்குப் போய்வர அயலில் ஓர் ஆட்டோக்காரரைப் பேசி ஒழுங்கு செய்தேன். அவள் போய் வருகிறாள் என்ற நினைப்பில்தான் இங்கே என் சாப்பாடு செமித்தது.

கடைக்காரருக்கு இதையெல்லாம் சொல்ல என் ஜெர்மன் காணாது. அவர் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். முன்ஃபோர்க்கில் ஓட்டுபவரின் எடைக்கு அளவாகக் காற்று அடிக்க வேண்டுமாம். எந்த எடைக்கு எவ்வளவு என்று ஒரு சின்ன அட்டவணை ஃபோர்க்கின் காலிலேயே ஒட்டியிருந்தது. "எத்தனை கிலோ?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "நூற்றிருபது" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் எடை எழுபத்திரண்டு. எங்கள் ஊரில் சைக்கிளுக்கு எடை கேட்டால் இரண்டு பேரின் எடையைத்தான் சொல்லுவோம். அக்கா முகாமில் இருந்து வரும்போது நாற்பத்தெட்டு கிலோ. வாய் தானாகக் கூட்டிச் சொல்லிவிட்டது. "முதுகுப் பையோடு சேர்த்தா?" என்று கேட்டார். வெட்கத்தில் ஆமென்று தலையை ஆட்டினேன். "அப்படி என்ன வைத்திருக்கிறீர்கள், கல்லா?" என்று சிரித்துக்கொண்டே அட்டவணையின் கடைசி வரிவரை அடித்துவிட்டார். நானும் சிரித்தேன். கையில் மிஞ்சியிருந்த காசுக்கு மலைச் சப்பாத்து வாங்கலாம், அல்லது ஃபோர்க்குக்குக் காற்றடிக்கும் தனிப் பம்ப் வாங்கலாம். நான் பம்பை வாங்கினேன்.

அடுத்த ஞாயிறு உர்ஸோடு மலைக்குப் போனேன். ஏறும்போது மூச்சுத்தான் வாங்கியது, ஆனால் வேர்களும் கற்களும் உள்ள பாதை வந்ததும் கைமூட்டுகள் கழன்று விழும்போல் இருந்தன. முன்சில்லு ஒவ்வொரு கல்லையும் என் தோளுக்கு அப்படியே அனுப்பியது. மேலே ஒரு மரவாங்கில் இருந்து இளைப்பாறினோம். கைபேசியில் சிக்னல் இருந்தது, அங்கே மத்தியானம் கழிந்திருக்கும். அக்காவுக்கு வீடியோவில் சைக்கிளைக் காட்டினேன்.

"வடிவாத்தான் இருக்கு," என்றாள். பிறகு முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். "கரியர் எங்கடா?"

"இதுக்கு இல்லையாம் அக்கா."

"கரியர் இல்லாத சைக்கிளை என்னத்துக்கு வாங்கினனி?"

பேச்சை மாற்ற, எங்கள் சைக்கிள் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவள் கைபேசியைத் திருப்பினாள். கொட்டில் இருந்த இடத்தில் இப்போது கல்வீடு. பின்சுவரில் சாய்ந்து நின்றது சைக்கிள், ரயர் இரண்டும் தரையோடு ஒட்டிப்போய். கரியரில் அந்த மெத்தை இருந்தது. அதன்மேல் ஒரு கோழி அடை கிடந்தது. ஏதோ உறுத்த, நாளைக்கு எத்தனை மணிக்கு ஆட்டோ வரும் என்று கேட்டேன். அக்கா கைபேசியைத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஆட்டோவை விட்டு ரெண்டு வருசம் தம்பி. வேலைக்கும் போறேல்லை. நீ அங்க கவலைப்படுவாய் எண்டுதான் சொல்லேல்லை."

"ஏன் அக்கா, அவர் ஏதும் சொன்னவரோ?"

"சீ, அவர் நல்ல மனுசன். கோவியாத. ஆட்டோவில நான் ஒரு மூட்டை. ஏத்துவினம், இறக்குவினம். உன்ர சைக்கிளில எனக்கும் ஒரு வேலை இருந்ததடா."

அவள் வேறு கதைக்குப் போனாள், கோழி எத்தனை முட்டையில் கிடக்கிறது என்று சொன்னாள். நான் உம் கொட்டினேன். தொலைபேசியை வைத்தபிறகு அழுகை வந்தது. உர்ஸ் பக்கத்தில் இருக்கிறான் என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதேன். கைவலியில் அழுகிறேன் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். எழுந்து போய் என் சைக்கிளின் ஹான்டிலை இரண்டு முறை அழுத்திப் பார்த்தான். அது அசையவில்லை. குனிந்து அட்டவணையை வாசித்தான். "யாருக்கு அடித்த காற்று இது? இரண்டு பேருக்குப் போதும்," என்றான். மூடியைக் கழற்றி வால்வை விரல்நுனியால் விட்டு விட்டு அழுத்தினான். ஸ்ஸ் என்று காற்று போயிற்று. என்னை ஏறி இருக்கச் சொல்லி, இன்னும் கொஞ்சம் விட்டான். முன்பக்கம் மெல்லப் பதிந்தது. "இப்போது சரி. இப்போது உனக்கு மட்டும்," என்றான். அவன் நல்லவன், அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

இறக்கம் சுகமாக இருந்தது. கல்லும் வேரும் தெரியவே இல்லை. இப்படியொரு சுகமான சைக்கிளில் நான் வாழ்நாளில் ஓடியதில்லை. இரண்டு இடத்தில் மற்றவர்கள் பின்னால் வந்து என்னை உரசிக்கொண்டு முந்திப் போனார்கள், அவர்கள் வந்ததை நான் அறியவில்லை.

வீட்டுக்கு வந்து, தெருவிலுள்ள மற்றவர்களைப் போலவே சைக்கிளைக் கழுவித் துடைத்து நிலவறைக்குக் கொண்டுபோனேன். பூட்ட முன்னர் பம்பை எடுத்து முன்ஃபோர்க்கில் மாட்டினேன். பம்பின் முள் எழுபத்திரண்டு கிலோவுக்கான அளவைத் தாண்டியது. நிறுத்தவில்லை. அட்டவணையின் கடைசி வரிவரை அடித்தேன்.