பெருநாள் கசற்றிலை வந்த பேய்

கலியாண வீட்டிலை எல்லாருக்கும் மறைச்சுக்கொண்டு நிண்டு, பிறகு அதே ஆக்களுக்கு "இந்தாங்கோ, வடிவாய்ப் பாருங்கோ" எண்டு கசற் குடுக்கிறவனுக்குப் பேர்தான் வீடியோக்காரன். ஊர்காவற்றுறைச் சந்தைக்குக் கிட்ட எனக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. ஒரு கமெரா, ஒரு ரீவி, கசற் போட்டுப் பாக்க இரண்டு டெக், ஒரு ஜெனறேற்றர், ஆறு கதிரை. சண்டை நிண்டு பாதை திறந்து, வெளிநாட்டிலை இருந்து ஆக்களும் கசற்றுகளும் வரத் தொடங்கின காலம். நீங்களும் கமெரா சுமந்த ஆக்கள் எண்டால் நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. படம் எடுக்கத் தெரிஞ்சவனுக்குப் படத்திலை இருக்கிறது எல்லாம் தெரியும் எண்டு சனம் நம்பும். மாப்பிளை ஏன் சிரிக்கேல்லை எண்டும் எங்களிட்டைத்தான் கேப்பினம். எனக்கு அதுக்கு மேலாலை இன்னொரு உத்தியோகமும் வந்து சேர்ந்தது. ரீவியிலை காட்டுற பேய் உண்மையோ பொய்யோ எண்டு தீர்ப்புச் சொல்லுறது.

லண்டன் கசற்

நாரந்தனைக் கந்தையா அண்ணை பென்சன் எடுத்த கிளாக்கர். மகன் லண்டனிலை. அங்கை ரீவியிலை போற பேய் தேடுற நிகழ்ச்சியை மகன் மாசாமாசம் பதிஞ்சு அனுப்புவான். அண்ணையிட்டை டெக் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சைக்கிளிலை வந்து என்ரை கடையிலை போட்டுப் பாப்பார். அவர் பாத்தால் றோட்டாலை போற சனமும் நிண்டு பாக்கும்.

நிகழ்ச்சி எப்பிடியெண்டால், நாலு வெள்ளைக்காரர் ஒரு பழைய கோட்டைக்குள்ளை போவினம். லைற்றை நூத்து இருட்டாக்குவினம். படம் முழுக்கப் பாசி பிடிச்ச பச்சை. எங்கையோ ஒரு சத்தம் கேக்கும். ஒருத்தி பயத்திலை குளறுவாள். எனக்கு முதல் நாளே ஒண்டு இடிச்சது. சத்தம் கேட்டவுடனை கமெரா சத்தம் வந்த பக்கம் திரும்பாது, குளறினவளின்ரை முகத்துக்குத்தான் திரும்பும். தாலி கட்டேக்கை நான் மேளகாரரின்ரை முகத்தை எடுத்திருந்தால் பொம்பிளையின்ரை தமையன்மார் என்னைக் கிணத்துக்குள்ளை இறக்கியிருப்பினம். இதை நான் வாய்விட்டுச் சொன்னனான். கந்தையா அண்ணை கதிரையிலை நிமிந்து இருந்தார். "தம்பி, அவங்கள் வெள்ளைக்காரர். எங்களுக்குப் பொய் சொல்லி அவங்களுக்கு என்ன வரப்போகுது?"

திரேசாக்கா கேட்ட ஒரே கேள்வி

கடைக்குப் பின்பக்கம் திரேசாக்கா கருவாடு காயப்போடுறவ. அவவின்ரை மகன் றெஜி தொண்ணூற்றாறிலை வலை நூல் வாங்கவெண்டு யாழ்ப்பாணம் போனவன். இருபத்திரண்டு வயசு. திரும்பி வரேல்லை. அவ ஏறி இறங்காத வாசல் இல்லை. "மரணப் பதிவை எடு, ஒரு ஆத்துமப் பூசை ஒப்புக்குடு" எண்டு சொந்தக்காரர் ஏழு வருசமாய் ஆக்கினை. அவ மாட்டன் எண்டுட்டா. பூசை குடுத்தால், பிள்ளை செத்திட்டான் எண்டு தானே கையெழுத்து வைச்ச மாதிரி எண்டதுதான் அவவின்ரை நியாயம்.

லண்டன் கசற் ஓடேக்கை அவவும் வாசலிலை வந்து நிப்பா. முடிஞ்சதும் என்னை ஒண்டுதான் கேப்பா. "தம்பி, உது மெய்யோ?" நான் "பொய் அக்கா, கதவிலை நூல் கட்டி இழுத்திருப்பாங்கள்" எண்டால் மற்றச் சனத்துக்கு மூஞ்சை தொங்கிப்போகும். அவவுக்கு மட்டும் முகம் தெளியும். ஒருநாள் ஏனெண்டு கேட்டன். "பேய் எண்டு ஒண்டு இல்லையெண்டால், என்ரை பிள்ளையைப் பேயாய்க் கண்டனான் எண்டு ஒருத்தரும் வந்து சொல்ல ஏலாதுதானே."

கனடாவிலை நிண்ட நிழல்

கனடாக் கசற் வேறை முறையிலை பதிஞ்சது, எங்கடை பழைய டெக்கிலை ஓடாது. படம் உருளும், நிறம் போகும், ஒரு ஆள் இரண்டாய்த் தெரியும். இது எங்கடை தொழிலிலை இருக்கிற ஆக்களுக்குப் பாலபாடம். சுருவில் ஊரிலை ஒரு மனுசி, கனடாவிலை இருக்கிற தமையன்ரை மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக் கசற்றைத் தன்ரை வீட்டு டெக்கிலை போட்டுப் பாத்திருக்கிறா. பிள்ளைக்குப் பக்கத்திலை ஒரு கறுத்த நிழல். செய்வினை எண்டு முடிவுகட்டி, மந்திரிச்ச நூல் ஒண்டைக் கசற்றிலை சுத்திக்கொண்டுதான் என்னட்டை வந்தவ. நான் நூலைக் கழட்டி, கனடாக் கசற் ஓடுற மற்ற டெக்கிலை போட்டன். பச்சைச் சீலை, சிவப்பு மாலை, நிழலும் இல்லை ஒண்டும் இல்லை. மனுசி ரீவிக்குக் கிட்டப் போய்ப் பாத்தா. "நூல் கட்டினாப்போலை எவ்வளவு வடிவாய்த் தெளிஞ்சிட்டுது, பாத்தீரோ?"

வட்டங்கள்

லண்டன்காரற்றை படத்திலை வெள்ளை வட்டங்கள் மிதக்கும். அதுதான் ஆவி எண்டு அவையள் நிப்பாட்டிக் காட்டுவினம். கந்தையா அண்ணை இந்த ஞானத்தை வேலணை வரைக்கும் பரப்பிப்போட்டார். அங்கை ஒரு வீடு குடிபூரலுக்குப் படம் எடுத்தனான். சோளகக் காத்துக் காலம். என்ரை லைற் வெளிச்சத்திலை தூசி பறக்க, கசற் முழுக்க வட்டம். வீட்டுக்காரி என்னைக் கூப்பிட்டு வைச்சு விளக்கம் கேட்டா. நான் லைற்றைக் கொளுத்தி, கமெராவுக்கு முன்னாலை மேசைத் துணியை உதறி, அதே வட்டங்களை உண்டாக்கிக் காட்டினன். எனக்கே என்னிலை ஒரு பெருமை. அவ வடிவாய்ப் பாத்துப்போட்டுச் சொன்னா: "தூசி எண்டே வைப்பம். குசினிக்குள்ளை மட்டும் ஏன் கூட? எங்கடை மாமி உயிரோட இருக்கேக்கையும் குசினிக்குள்ளைதான் வந்து நிண்டு பிழை பிடிக்கிறவ."

எழுதிக் காட்டின சத்தம்

கந்தையா அண்ணைக்குச் சொந்தமாய் ஒரு அத்தாட்சி தேவைப்பட்டது. ஆக்கள் இல்லாத வீடுகளுக்கு எங்கடை பக்கம் பஞ்சமே? கூரை போய், முத்தத்திலை வடலி முளைச்ச ஒரு வீட்டிலை, என்ரை ரேப் றெக்கோடரை ஒரு மணித்தியாலம் ஓடவிட்டிட்டு வந்தார். பட்டப்பகலிலைதான். பொழுதுபட்டால் அந்தப் பக்கம் போக ஏலாது. பேய்க்குப் பயந்து இல்லை, சென்றியிலை துவக்கோட நிக்கிறவங்களுக்குப் பதில் சொல்ல ஏலாது.

கடையிலை இருந்து மூண்டு பேரும் கேட்டம். அண்ணை, அண்ணையின்ரை மனுசி, நான். எனக்கு ஓலை உரசுறது கேட்டது. அண்ணையின்ரை மனுசிக்கு ஒண்டும் கேக்கேல்லை. அண்ணை ஒரு கடதாசியிலை "வெளியை போ" எண்டு எழுதி எங்களுக்கு முன்னாலை பிடிச்சுக்கொண்டு திருப்பிப் போட்டார். சத்தியமாய்ச் சொல்லுறன், எனக்கும் "வெளியை போ" எண்டுதான் கேட்டது. மயிர்க்கூச்செறிஞ்சது. பிறகு நான் கடதாசியைத் திருப்பி "தேத்தண்ணி தா" எண்டு எழுதிப் பிடிச்சன். அதே இடத்திலை அதே ஓலை தேத்தண்ணி கேட்டது. லண்டன்காரரும் படத்துக்குக் கீழை எழுத்துப் போடுறது இதுக்குத்தான் எண்டு விளக்கம் குடுத்தன். அண்ணையின்ரை மனுசி பெருமூச்சு விட்டா. "நாப்பது வருசமாய் நான் கத்துறது உவருக்குக் கேக்கேல்லை. இனி நானும் எழுதித்தான் காட்டவேணும் போலை."

பெருநாள்

அந்த வருச வேதக்கோயில் பெருநாளுக்கு நான்தான் வீடியோ. பின்னேரம் சுருப ஊர்வலம் வெளிக்கிட, மழை பிடிச்சுக்கொண்டுது. கமெரா நனைஞ்சால் என்ரை சீவியம் போச்சு. பங்குச் சுவாமியாற்றை வீட்டு மேல்மாடிக்கு ஓடி, யன்னல் கண்ணாடியைச் சாத்திப்போட்டு, ஸ்ராண்டிலை கமெராவை நிப்பாட்டி, பக்கத்திலை நிண்டு கண்ணாடிக்குள்ளாலை எடுத்தனான். வெளியிலை மம்மல் இருட்டு. அறைக்குள்ளை லைற் எரிஞ்சுகொண்டிருந்தது. தொழில் தெரிஞ்ச நீங்கள் இந்த இடத்திலையே தலையிலை அடிச்சிருப்பியள். எனக்கு அப்ப மூளை வேலை செய்யேல்லை.

கசற் வீடு வீடாய்ப் போச்சுது. நாலாம் நாள் கந்தையா அண்ணை வந்தார், சைக்கிளுக்கு ஸ்ராண்ட் போடாமல் மதிலிலை சாத்திப்போட்டு ஓடி வந்தார். சுருபத்துக்கு இடப்பக்கம், குடைகளுக்கு மேலாலை, வெள்ளைச் சேட்டோட ஒரு மெலிஞ்ச உருவமாம். முகம் தெளிவில்லையாம். கால் இல்லையாம். ஒரு கை கழுத்திலையாம். உருவத்துக்குள்ளாலை மழை பெய்யிறது தெரியுதாம். றெஜியின்ரை சித்தப்பன் பாத்தவுடனை விக்கி விக்கி அழுதிட்டாராம். "தம்பி, லண்டன்காரர் இவ்வளவு காலம் தேடியும் இப்பிடி ஒண்டு எடுக்கேல்லை. எப்பவும் உப்பிடிக் கழுத்திலை கை வைச்சுக்கொண்டு நிக்கிறது றெஜிதான்!"

மைக்கறை

அண்ணை போன பிறகு கதவைச் சாத்திப்போட்டுக் கசற்றைப் பாத்தன். உருவத்தின்ரை சேட்டுப் பொக்கற்றிலை ஒரு மைக்கறை. அந்தக் கறை பிடிச்ச சேட்டு என்ரை வீட்டுக் கொடியிலை காயுது. கழுத்து நோவுக்குக் கை வைச்சுக்கொண்டு நிண்டதும் நான்தான். கண்ணாடியிலை விழுந்த என்ரை நிழலை நானே எடுத்து வைச்சிருக்கிறன். நேற்றுக் கமெரா பிடிச்சவனும் விடாத பிழை. வெளியிலை தெரிஞ்சால் அடுத்த கலியாணத்துக்கு என்னை ஆர் கூப்பிடுவினம்? கேட்டவைக்கு "வெளிச்சக் கோளாறாய் இருக்கும்" எண்டு மழுப்பினன். கடல் கடந்த பொய்யை எல்லாம் வாராவாரம் பிடிச்சவன், சொந்தப் பிழைக்கு வாய் திறக்கேல்லை. இப்ப நினைச்சாலும் வெக்கமாய்க் கிடக்கு.

மூண்டு நாளைக்குள்ளை விசயம் முத்திப்போச்சு. சித்தப்பன் சுவாமியாரிட்டைப் போய், வாற சனிக்கிழமைக்கு றெஜியின்ரை ஆத்துமப் பூசைக்கு நாள் எடுத்திட்டார். மரணப் பதிவுப் பத்திரமும் வீட்டுக்கு வந்திட்டுது, தாயின்ரை கையெழுத்து மட்டும்தான் பாக்கி. வியாழக்கிழமை பின்னேரம் திரேசாக்கா கடைக்குள்ளை வந்தா. எப்பவும் வாசலிலை நிக்கிறவ, அண்டைக்குக் கதிரையை இழுத்து இருந்தா. கண் இரண்டும் வீங்கியிருந்தது. "தம்பி, மற்றவையின்ரை பேயெல்லாம் பொய் எண்டனீர். இது நீர் எடுத்தது. இதுக்கு மட்டும் ஏன் வாய் திறக்கிறீர் இல்லை?"

மேல்மாடி

அதுக்குப் பிறகும் மறைக்க என்னாலை ஏலேல்லை. வீட்டுக்கு ஓடிப்போய் அந்தச் சேட்டைப் போட்டுக்கொண்டு, அவவைச் சுவாமியாற்றை வீட்டு மேல்மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனன். சித்தப்பனும் கந்தையா அண்ணையும் பின்னாலை வந்திச்சினம். நல்லகாலம், வானம் இருண்டுபோய்க் கிடந்தது. கண்ணாடியைச் சாத்தி, லைற்றைப் போட்டு, நிண்ட இடத்திலை நிண்டு, கழுத்திலை கையை வைச்சன். கோயில் வளவுக்கு மேலாலை, வெள்ளைச் சேட்டோட, கால் இல்லாத ஒரு ஆள் மிதந்தார். பொக்கற்றிலை மைக்கறை. நான் கையை எடுக்க அவரும் எடுத்தார்.

"நான்தான் அக்கா. கசற்றைப் பாத்த அண்டைக்கே எனக்குத் தெரியும். வெக்கத்திலை சொல்லேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" எண்டன். சித்தப்பன் படியிலை குந்தினவர், எழும்பேல்லை. திரேசாக்கா கண்ணாடியையே பாத்துக்கொண்டு நிண்டா. கந்தையா அண்ணை மட்டும் கண்ணாடியைத் தட்டிப் பாத்தார், யன்னலுக்கு வெளியிலை எட்டிப் பாத்தார், தாடையைச் சொறிஞ்சார். "இண்டைக்குத் தெரியிறது நீர்தான் தம்பி, ஒப்புக்கொள்ளுறன். அண்டைக்கும் நீர்தான் எண்டதுக்கு என்ன அத்தாட்சி?"

அழிக்காமல் விட்டது

அண்டைக்கே திரேசாக்கா கீழை இறங்கிப் போய்ச் சுவாமியாரிட்டைச் சொல்லிப் பூசையை நிப்பாட்டிப்போட்டா. பத்திரத்தைக் கையெழுத்து இல்லாமல் திருப்பிக் குடுத்தா. அடுத்தநாள் காலமை பின்பக்கத்திலை கருவாட்டு மணம் வந்தது. அக்கா வழமைபோலை வேலையிலை இறங்கிட்டா எண்டு விளங்கிச்சு. ஏச வருவா எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன், வந்தா. அவ வாய் திறக்க முதல், பெருநாள் கசற்றை எடுத்து, "உங்களுக்கு முன்னாலையே அந்த இடத்தை அழிச்சுப்போடுறன் அக்கா" எண்டு டெக்குக்குள்ளை போடப் போனன்.

அவ என்ரை கையைப் பிடிச்சா. மீன் வெட்டி வெட்டிக் காய்ச்ச கை, நல்ல பிடி. நான் திரும்பவும் சொன்னன், "அக்கா, அது றெஜி இல்லை, நான்தான்" எண்டு. "தெரியும், நீர்தான். அவன் எங்கையோ இருக்கிறான், அதிலை எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா ஏழு வருசத்துக்குப் பிறகு, என்ரை பிள்ளை நிமிந்து நிக்கிற மாதிரி ஒண்டை அதிலைதான் கண்டனான். அழிச்சுப்போடாதையும், நான் இடைக்கிடை வந்து பாக்கிறன்."

நான் ஒழுங்காய் எடுத்த கலியாணங்கள் எல்லாம் அவரவர் வீட்டு அலுமாரியிலை பூஞ்சணம் பிடிச்சுக் கிடக்க, கடையை ஒரேயடியாய்ப் பூட்டும் வரைக்கும் ஒரு ஆள் திரும்பத் திரும்ப வந்து கேட்டுப் பாத்தது நான் பிழையாய் எடுத்த அந்த ஒண்டரை நிமிசத்தைத்தான்.